தூங்குகிற வீட்டில் தட்டடவு

ஒரு காலைத் தூக்கித் தரையில் வைப்பதற்குள் எத்தனை யோசனை என்று என் வயசுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பாத்ரூம் ஈரமாக இருக்கிறதா, பாய் மடங்கிக் கிடக்கிறதா, பேரப்பிள்ளையின் விளையாட்டுச் சாமான் காலடியில் இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து வைக்கிறோம். நீங்களெல்லாம் அறுபதுக்கு மேல் இதைக் கற்றுக்கொண்டிருப்பீர்கள். நான் ஐந்தாம் வகுப்பிலேயே கற்றுக்கொண்டேன். சொல்ல அலுப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் வளர்ந்த தெருவைத் தெரிந்தவர்கள் ஒருத்தர் பின்னால் ஒருத்தராகப் போய்க்கொண்டே இருக்கிறார்கள், இருக்கிறவர்களிடமாவது சொல்லிவைக்கிறேன்.

எழுபதுகளின் ஆரம்பம். திருவொற்றியூரில் ரயில் பாதைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்ற ஒரு வரிசை வீடுகளில் ஒன்று எங்களுடையது. ஒற்றை அறை, ஓட்டுக் கூரை, பின்னால் ஒண்டினாற்போல் ஒரு சமையலறை. நைனா, அம்மா, நான். அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவேன், நம் பக்கத்தில் பாதிப் பேர் அப்படித்தானே. எண்ணூர்ப் பக்கமிருந்து காற்றடித்தால் கொடியில் காயும் துணியில் சாம்பல் படியும். கடல் பக்கமிருந்து அடித்தால் கருவாட்டு வாடை ஏறும். அம்மா காற்றைப் பார்த்துவிட்டுத்தான் துணியையே நனைப்பாள்.

நைனாவுக்குத் தகடு அடிக்கிற கம்பெனியில் வேலை. பிரஸ் மிஷின் ஓட்டினார். வழக்கமாக ஷிப்டு வாரத்துக்கு வாரம் மாறும். அந்த வருஷம் மழைக்காலத்துக்கு முன்னால் பகல் போர்மேனோடு ஏதோ வாய்த்தகராறு. நைனா கோபக்காரர் இல்லை, நியாயம் பேசுகிறவர். அது அதைவிட மோசம். போர்மேன் அவரை மொத்தமாக நைட் ஷிப்டில் தள்ளிவிட்டான். காலையில் வீடு வந்து, குளித்து, நாஸ்டா சாப்பிட்டுவிட்டுப் படுத்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பார். அறையின் குறுக்கே அம்மாவின் பழைய புடவையைக் கட்டி, அந்தப் பக்கம் அவர் பாய், இந்தப் பக்கம் எங்கள் உலகம்.

எங்கள் வரிசையில் ஒரு பழக்கம் இருந்தது. நைட் ஷிப்டு முடித்து வந்த ஆள் படுத்துவிட்டால் அவருடைய காக்கிச் சட்டையை வாசல் ஆணியில் தொங்கவிடுவார்கள். சட்டை தொங்கினால் மீன்காரம்மா கூவ மாட்டாள், நேராக வந்து கூடையை இறக்கிவிட்டு நிற்பாள். ஐஸ்காரன் மணியின் நாக்கைக் கையால் பிடித்துக்கொண்டு போவான். குழாயடியில் சண்டை போடுகிறவர்கள்கூட வண்டி வண்டியாகத் திட்டுவார்கள், ஆனால் ரகசியக் குரலில்.

இதற்குக் காரணம் கோடி வீட்டுக்காரர். அவரும் அதே மாதிரி மிஷினில்தான் வேலை பார்த்தார். ஒரு பகல் முழுக்கப் பக்கத்தில் கல்யாணத்துக்கு ரேடியோ செட் அலறியிருக்கிறது. கண்ணே மூடாமல் அன்றைக்கு வேலைக்குப் போனவர், விடியற்காலையில் தகட்டோடு சேர்த்துக் கையையும் வைத்துவிட்டார். மிஞ்சிய இரண்டு விரலுக்கு நடுவில் பீடியை வைத்துக்கொண்டு அவர் வாசலில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக்கொண்டேதான் நாங்கள் பள்ளிக்கூடம் போவோம். அதிலிருந்து அம்மாவுக்கு நைனாவின் தூக்கம் என்றால் வெறும் தூக்கம் இல்லை, நைனாவின் கை.

இப்படிப்பட்ட வீட்டிலிருந்துதான் நான் பரதநாட்டியம் கற்றுக்கொள்ளப் போனேன். புத்தி இருந்ததா பாருங்கள்.

கம்பெனியின் மனமகிழ் மன்றம் என்று ஒரு ஹால் இருந்தது. வார நாளில் ஆட்கள் கேரம் விளையாடுவார்கள். அந்த வருஷம் சனி, ஞாயிறு சாயங்காலங்களில் தொழிலாளிகளின் பெண்பிள்ளைகளுக்கு அங்கே டான்ஸ் வகுப்பு வைத்தார்கள். மாஸ்டர் மயிலாப்பூரிலிருந்து பஸ் மாறி மாறி வந்து சேருவார். பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி சேர்ந்தாள், அவள் பின்னாலேயே நானும் ஒட்டிக்கொண்டேன். நைனாவிடம் கேட்டதற்கு, "ஆடட்டும். நான்தான் மிஷினாண்ட ஒரே எடத்துல நின்னுகினு கெடக்கறேன், அதுவாச்சும் ஆடட்டும்" என்றார்.

முதல் பாடம் தட்டடவு. முட்டியைப் பக்கவாட்டில் விரித்து அரைமண்டியில் நின்று, காலைத் தூக்கி முழுப் பாதத்தால் தரையைத் தட்ட வேண்டும். "தெய்யா தெய்" என்று மாஸ்டர் கட்டையைத் தட்டினால், நம் பாதமும் அதே நொடியில் பட்டென்று பேச வேண்டும். மெதுவாக, பிறகு வேகமாக, பிறகு இன்னும் வேகமாக. "இங்க வந்து பார்க்கறது கொஞ்சம்தான். வீட்டுல போய் தினம் தட்டுறீங்களே, அதுதான் டான்ஸ்" என்பார். நான் அதை அப்படியே மனதில் ஏற்றிக்கொண்டேன். யார் எது சொன்னாலும் அப்படியே ஏற்றிக்கொள்கிற பிள்ளை நான்.

எங்கள் பள்ளிக்கூடமும் ஷிப்டுதான். பெரிய வகுப்புகளுக்குக் காலை, எங்களுக்கு மதியம். சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் குழாயடியில் தண்ணீர் பிடிப்பதிலேயே இருட்டிவிடும். ஆக வீட்டில் பழக எனக்குக் கிடைத்ததெல்லாம் காலை நேரம், அதாவது நைனா தூங்குகிற நேரம். முதல் நாள் அம்மாவின் நூல் புடவையை முழங்காலுக்கு மேல் இழுத்துச் செருகிக்கொண்டு சிமென்டுத் தரையில் ஒரு தட்டுத் தட்டினேன். அடுத்த தட்டு விழவில்லை. அம்மா சமையலறையிலிருந்து பாய்ந்து வந்து என் கணுக்காலைப் பிடித்திருந்தாள். கையெல்லாம் அரிசி மாவு.

"இன்னாடி பண்றே? மனுசன் இப்பதான் கண்ண மூடினாரு."

"மாஸ்டர் தட்டச் சொன்னாரும்மா."

"தட்டு, யாரு வேணான்னது. சத்தம் வராம தட்டு."

நானும் சரி என்றேன். சத்தம் வராமல் தட்டுவது என்ன பெரிய விஷயம் என்றுதான் எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றியது. அம்மாவுக்கு நடனம் என்றால் கையும் காலும் அசைவது. சத்தம் வேறு, நடனம் வேறு. எனக்கும் அவ்வளவுதான் தெரியும். சர்க்கரை மூட்டைச் சாக்கு ஒன்றை அம்மாவே உதறி மடித்துப் போட்டுக் கொடுத்தாள். அதன் மேல் தட்டினாலும் தொப்புத் தொப்பென்று கேட்டது. புடவைக்கு அந்தப் பக்கம் நைனா புரண்டு படுத்தார். அம்மா என்னைப் பார்த்த பார்வையில் அப்படியே உறைந்து நின்றேன்.

அதற்கப்புறம்தான் என் பாடம் ஆரம்பித்தது. காலைத் தூக்கும் வேகத்தில் குறைவில்லாமல் தூக்குவேன். இறங்கும் வேகத்திலும் குறைவிருக்காது. சாக்கைத் தொடுவதற்கு ஒரு நகக்கண் அளவு இருக்கும்போது காலை அந்தரத்தில் பிடித்து நிறுத்தி, பிறகு வைப்பேன். சும்மா செய்து பாருங்கள் தெரியும். வேண்டாம், இந்த வயசில் செய்யாதீர்கள். தொடை தீயாக எரியும். தட்டிவிடுவது சுலபம், தரை வாங்கிக்கொள்ளும். தட்டாமல் நிறுத்தினால் அந்த அடி முழுவதையும் நம் உடம்பே வாங்கிக்கொள்ள வேண்டும். தெய்யா தெய் என்பதையும் வாய்விட்டுச் சொல்ல முடியாது, உதட்டை மட்டும் அசைப்பேன்.

கண்ணாடி என்று எங்களிடம் இருந்தது முகம் மட்டும் தெரிகிற ஒன்று. கூரையில் வெளிச்சத்துக்காக ஒரு கண்ணாடி ஓடு பதித்திருந்தார்கள், அதன் வழியாக வெயில் ஒரு சதுரமாகத் தரையில் விழும். அந்தச் சதுரத்துக்குள் நின்றால் என் நிழல் காலடியில் தெரியும். முழங்கை தொங்குகிறதா, தோள் ஒரு பக்கம் ஏறியிருக்கிறதா என்று நிழலைப் பார்த்துத் திருத்திக்கொள்வேன். வெயில் நகர நகரச் சாக்கையும் இழுத்துக்கொண்டு நகர்வேன். நைனாவின் புடவைத் திரைக்கருகில் சதுரம் போகும்போது மூச்சையும் சேர்த்து அடக்கிக்கொள்வேன். கை அசைவுகளை அப்படி மெதுவாக, பதற்றமில்லாமல் பார்த்துப் பார்த்துச் செய்ததில் என் கைகள் மற்ற பிள்ளைகளின் கைகளைவிடச் சுத்தமாக வந்தன. அந்தச் சந்தோஷத்தை யாரிடம் சொல்வது. எனக்குள்ளேயே வைத்துக்கொண்டேன்.

சத்தமாகத் தட்டவும் ஒரு வழி கண்டுபிடித்தேன். பின்னால் கூட்ஸ் வண்டி போகும். அது போகிறபோது வீடே ஆடும், அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும். அந்தச் சத்தத்துக்கு மட்டும் நைனா விழிக்க மாட்டார், பிறந்ததிலிருந்து கேட்ட சத்தம் அது. தூரத்தில் வண்டி வருகிற முனகல் கேட்டதுமே சாக்கை எட்டி உதைத்துவிட்டு வெறும் சிமென்டில் இறங்கிவிடுவேன். அம்மாவும் ஒன்றும் சொல்ல மாட்டாள். தட்டுவேன் பாருங்கள், உள்ளங்கால் சிவக்கத் தட்டுவேன். கடைசிப் பெட்டி தாண்டுவதற்குள் எல்லாவற்றையும் தட்டி முடித்துவிட வேண்டும் என்று ஓட்டமாக ஓடுவேன். அது தாளமில்லை, பறிப்பு என்று இன்றைக்குத் தெரிகிறது. அன்றைக்கு அதுதான் என் நாளின் நல்ல நேரம்.

ஆக என் காலுக்கு இரண்டே இரண்டு பழக்கம் ஏற்பட்டது. ஒன்று தரைக்கு மேலேயே நின்றுவிடும். இல்லையென்றால் தறிகெட்டு ஓடும். நடுவில் நிதானமாக, தாளத்தோடு தட்டுகிற கால் எனக்கு அமையவே இல்லை. ஹாலில் எல்லோரும் சேர்ந்து தட்டும்போது பக்கத்துத் தெருப் பெண் தட்டுகிற தட்டில் என்னுடையது தெரியாமல் போயிற்று. அவள் நைனாவுக்குக் கம்பெனி ஸ்டோரில் எப்போதும் பகல் வேலை, அவள் வீட்டில் காலையெல்லாம் தட்டுவாள். "உன் கால்ல இன்னா பஞ்சு கட்டிக்கினு வந்துகீறியா?" என்று கிண்டல் செய்வாள். நல்ல பெண்தான். மாஸ்டர் என் முன்னால் வந்து நின்று, "கை பேசுது. கால் ஊமையா இருக்கே" என்பார். ராத்திரி நைனா வேலைக்குக் கிளம்பியதும் தட்டலாம் என்றால், பக்கத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் காலை ஷிப்டுக்காரர்கள் படுத்திருப்பார்கள். எங்கள் வரிசையில் எந்நேரமும் யாரோ ஒருவர் தூங்கிக்கொண்டேதான் இருந்தார்.

பொங்கலுக்கு முன்னால் மாஸ்டர் ஒரு செய்தி சொன்னார். இத்தனை பிள்ளைகளை வைத்துக்கொண்டு மேலே பாடம் நடத்த முடியாது. நன்றாகப் பழகுகிற சிலரை மட்டும் வைத்துக்கொள்வார், மற்றவர்கள் நின்றுவிட வேண்டியதுதான். பொறுக்கப்பட்டவர்கள் கம்பெனி ஆண்டு விழாவில் சலங்கை கட்டி ஆடுவார்கள். பொறுக்குகிற நாளில் அப்பா அம்மாவும் வர வேண்டும். எனக்கு நடனம் பிடிக்கும் என்று சொன்னால் போதாது. அந்த வெயில் சதுரத்துக்குள் நிற்கும்போது மட்டும்தான் நான் ஒரு ஆளாக இருந்தேன். அதை விட்டுவிட்டால் எனக்கென்று வேறு எதுவும் இல்லை என்று அந்த வயசிலேயே தெரிந்திருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நைனா சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். அவரும் அம்மாவும் சுவரோரம் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். ஒவ்வொரு பிள்ளையாகத் தனியாக ஆட வேண்டும். பக்கத்துத் தெருப் பெண் முழங்கையைத் தொங்கவிட்டுக்கொண்டே ஆடினாள், ஆனால் கால் பட்டுப் பட்டென்று பேசியது. மாஸ்டர் தலையை ஆட்டினார்.

என் முறை. அரைமண்டியில் உட்கார்ந்தேன், கையை நீட்டினேன். இதெல்லாம் சரியாக இருந்தது, எனக்கே தெரிந்தது. காலைத் தூக்கி இறக்கினேன். அது தரைக்கு மேலேயே நின்று, மெல்லப் படிந்தது. தட்டு, தட்டு என்று மனசுக்குள் சொல்கிறேன், கால் கேட்கவில்லை. அந்த ஹாலில் கட்டைச் சத்தம் மட்டும் தனியாகக் கேட்டுக்கொண்டிருந்தது. பயந்துபோய் வலிந்து ஓங்கித் தட்டினேன். உடனே கால் ஓட ஆரம்பித்துவிட்டது, மாஸ்டரின் கட்டையைத் தாண்டி எங்கேயோ போய்விட்டது. அவர் தட்டுவதை நிறுத்தினார். நானும் நின்றேன்.

அவர் கெட்டவரில்லை. குழம்பிப்போனார் என்றுதான் நினைக்கிறேன். நைனா பக்கம் திரும்பி, "கையைப் பார்த்தா வருஷக்கணக்கா பழகின பிள்ளை மாதிரி இருக்கு. காலைப் பார்த்தா நேத்து வந்து சேர்ந்த பிள்ளை. வீட்டுல தட்டிப் பழகினா இப்படி வராது. பழகுறாளா?" என்று கேட்டார்.

நைனா எழுந்து நின்றார். நைனாவுக்குப் பொய் வராது, எங்களுக்கு அவரால் வந்த கஷ்டமெல்லாம் அதனால் வந்ததுதான்.

"பொய் சொல்லக் கூடாது மாஸ்டர். நான் நைட் ஷிப்டு. பகலெல்லாம் வூட்லதான் கீறேன். ஒரு நாளு ஒரு சத்தம் நான் கேட்டதில்ல."

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லாதே என்று அந்தக் கண் சொல்லவில்லை. சொல்லிவிடுவேனோ என்று பயந்தது.

ஒரே ஒரு வாக்கியம்தான். நைனா தூங்குகிறார் என்று சத்தமில்லாமல் பழகினேன் மாஸ்டர், அவ்வளவுதான் சொல்ல வேண்டும். சொன்னால் மாஸ்டர் புரிந்துகொள்வார், இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாம் என்பார். ஆனால் நைனா என்ன சொல்வார்? நாளையிலிருந்து நீ நல்லா தட்டு கண்ணு, நான் எப்படியோ தூங்கிக்கிறேன் என்பார். தூங்க மாட்டார். கோடி வீட்டுக்காரர் பீடி பிடிக்கிற கை என் கண் முன்னால் வந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. ஆடியவள் நான், மாஸ்டர் கேட்டது நைனாவை. என்னைக் கேட்டிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. அந்தக் காலத்தில் பிள்ளைகளை யார் கேட்டார்கள்.

"பழகாத பிள்ளையை வெச்சுக்கிட்டு நான் என்ன செய்ய?" என்றார் மாஸ்டர்.

"உட்ருங்க மாஸ்டர். அதுக்குப் புடிக்கலன்னா இன்னாத்துக்கு இஸ்துகினு" என்றார் நைனா.

திரும்பி வரும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். நான் அழுதுகொண்டே வந்தேன். அவர் அதைத் திட்டு விழும் என்கிற பயம் என்று எடுத்துக்கொண்டார். "அழுவாத கண்ணு. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். எனக்கு இஸ்கூலு புடிக்கல, எங்கப்பன் அடிச்சி அடிச்சி அனுப்பினாரு. நான் உன்ன அப்பிடிச் செய்வனா? புடிக்கலையா, உட்டுத் தள்ளு" என்றார். அவ்வளவு பிரியமாகச் சொன்னார். அம்மா எங்களுக்குப் பின்னால் நான்கடி தள்ளியே வந்தாள். மறுநாள் காலையில் அந்தச் சாக்கை வாசலில் கால் துடைக்கப் போட்டிருந்தாள். மழைக்கு நைந்து, எப்போது குப்பைக்குப் போனதோ தெரியாது.

அம்மாவும் நானும் அதைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளவே இல்லை. நைனா வருஷக்கணக்காக மிஷின் ஓட்டினார். பத்து விரலோடு முழுசாக ரிட்டயர் ஆகி வந்தார். நான் ராயபுரத்தில் வாக்கப்பட்டு, எனக்கு ஒரு பெண் பிறந்து, அவளும் பள்ளிக்கூடத்தில் டான்ஸ் சேர்ந்தாள். ஒரு கோடை விடுமுறையில் அவளைத் திருவொற்றியூருக்கு அழைத்துக்கொண்டு போயிருந்தேன். காலையில் அவள் அந்தச் சிமென்டுத் தரையில் தட்டிக்கொண்டிருந்தாள். நைனா நாற்காலியில் உட்கார்ந்து ரசித்துக்கொண்டிருந்தார். நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

"நல்லா தட்டுது. உங்கம்மாவும் போனா உன் வயசுல. அதுக்கு இதெல்லாம் புடிக்கல, பேஜாரு. நான்தான் மாஸ்டராண்ட சொல்லி நிப்பாட்டினேன்" என்றார் பேத்தியிடம். இந்தக் கதையை அவர் எப்போதும் சொல்வார். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லியிருக்கிறார். தன் அப்பா தனக்குச் செய்யாததைத் தான் மகளுக்குச் செய்ததாக அவருக்கு அதில் ஒரு பெருமை.

அம்மா சமையலறை வாசலில் நின்றிருந்தாள். என்ன தோன்றிற்றோ, முதுமையில் பயம் விட்டுப்போயிற்றோ தெரியாது.

"அவ ஆடிக்கினுதான் இருந்தா. நீதான் தூங்கிக்கினு இருந்தே" என்றாள்.

நைனாவுக்கு விளங்கவில்லை. அம்மா சாக்கைச் சொன்னாள், உதட்டை மட்டும் அசைத்ததைச் சொன்னாள், வண்டி போகும்போது தட்டினதைச் சொன்னாள். அதிகம் சொல்லவில்லை, கொஞ்சம்தான் சொன்னாள். என் பெண் தட்டுவதை நிறுத்திவிட்டு எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். நைனா அம்மாவைக் கேட்கவில்லை, என்னைத்தான் கேட்டார்.

"ஒரு நாளு எழுப்பி இருக்கலாம் இல்ல?"

நான் கீரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கப்புறம் அவர் இருந்த காலம் முழுக்க, எதையோ பேசிக்கொண்டிருக்கும்போது, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, ஆஸ்பத்திரி வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது, திடீரென்று அதையே கேட்பார். எழுப்பி இருக்கலாம் இல்ல கண்ணு, ஒரு தபா. கோபமில்லாமல்தான் கேட்பார். சாப்பிடுங்க நைனா என்பேன், அல்லது நம்ம டோக்கன் வந்துடும் நைனா என்பேன்.

எழுப்பியிருந்தால் அவர் என்ன செய்திருப்பார் என்று எனக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரியும். எழுந்து உட்கார்ந்து நான் ஆடுவதைப் பார்த்திருப்பார். தினமும் பார்த்திருப்பார். அந்தத் தூங்காத கண்ணோடுதான் ராத்திரி மிஷினுக்குப் போயிருப்பார்.